லினோ, கேசீன், நியூஸ்பிரின்ட்: இன அநீதிக்கு எதிரான அமெரிக்கக் கறுப்பினக் கலை எப்படிச் செய்யப்பட்டது?

மைஉருளை

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் இன அநீதியை எப்படி எதிர்கொண்டார்கள் என்று பேச்செடுத்தாலே, படத்தில் என்ன இருக்கிறது என்பதோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். உயர்த்திய முஷ்டி, அறுந்த சங்கிலி, தூக்குக் கயிறு. படம் எதன் மேல் போடப்பட்டது, எத்தனை பிரதி எடுக்கலாம், யார் கைக்குப் போனது என்று கேட்பவர் குறைவு. என் கட்சி இதுதான்: பொருளையும் முறையையும் தேர்ந்தெடுத்ததிலேயே அவர்களுடைய பதிலில் பாதி இருக்கிறது. இந்த இழையில் செய்முறையை மட்டும் பேசுவோம். வாழ்க்கை வரலாறு தேவைப்பட்டால் ஒரு வரி போதும்.

ஓவியர் ஜேக்கப் லாரன்ஸிலிருந்து தொடங்கலாமா? 60 பலகைகளில் அவர் செய்த 'இடப்பெயர்வு' வரிசை, 1940-41. முதல் உலகப் போர்க் காலம் தொடங்கி, தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு வடக்கே சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் ரயிலேறிய கதை.

சித்திரக்காரி

லாரன்ஸ் பற்றி நான் எழுதுகிறேன்.

அளவு: ஒவ்வொரு பலகையும் 12-க்கு 18 அங்குலம். சில படுக்கைவாட்டில், சில செங்குத்தாக. பொருள்: ஹார்ட்போர்டு, அதன்மேல் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் கேசீன் டெம்பரா. பணம்: 1940-ல் ரோசன்வால்ட் நிதியம் கொடுத்த 1500 டாலர். அப்போது அவருக்கு 23 வயது.

முதலில் ஆராய்ச்சி. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில், 135-வது தெரு நூலகத்தில் இருந்த ஷோம்பர்க் தொகுப்பில் (கறுப்பின வரலாற்று நூல்களின் சேகரிப்பு) உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அடுத்து 60 படங்களுக்கும் விளக்க வாசகம். அதற்குப் பிறகுதான் ஓவியம். வாசகங்களிலும் பலகைகளுக்கு ஜெஸ்ஸோ பூசுவதிலும் உடன் உழைத்தவர் க்வென்டலின் நைட். அவரும் ஓவியர், 1941-ல் லாரன்ஸை மணந்தவர்.

முக்கியமான நுட்பம் இனிமேல்தான். ஒரு படத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை அவர். அறுபதையும் ஒன்றாகப் பரப்பி வைத்து, ஒரு நிறத்தை எடுத்து, அது எந்தெந்தப் பலகையில் வர வேண்டுமோ அத்தனையிலும் பூசிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போனார். கறுப்பில் தொடங்கி வெளிர் நிறங்களை நோக்கி. முதல் பலகையில் உள்ள அதே நீலம், அதே மஞ்சள் அறுபதாவதிலும் இருப்பது இதனால்தான்.

கேசீனோடு பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பால் புரதத்தைப் பசையாகக் கொண்ட நீர்ச்சாயம் அது. சீக்கிரம் உலரும், பளபளப்பில்லாமல் தட்டையாக உட்காரும். இன்று கலக்கிய சாம்பல் நிறத்தை அடுத்த வாரம் அச்சு அசலாகக் கலக்க முடியாது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் வேறு நிறம். 60 படம் ஒரே கதையாக ஓட வேண்டுமென்றால் நிறத்துக்கு நிறம் போவதுதான் வழி. இன்னொன்று, கேசீன் படலம் காய்ந்தபின் நொறுங்கும் தன்மை உடையது. கித்தான் போல வளையும் பரப்பில் பூசினால் வெடிக்கும். தடிமனாகப் பூசினாலும் வெடிக்கும். விறைப்பான ஹார்ட்போர்டு, அதன்மேல் மெல்லிய பூச்சு என்பது அந்தச் சாயமே கேட்கும் ஏற்பாடு.

கரிக்கோல்

நல்ல தகவல். ஆனால் இதில் அநீதிக்குப் பதில் எங்கே இருக்கிறது? நிறம் ஒரே மாதிரி இருப்பது ஓவியப் பள்ளிப் பாடம்.

சித்திரக்காரி

> கரிக்கோல்: அநீதிக்குப் பதில் எங்கே இருக்கிறது?

15-வது பலகையைப் பாருங்கள். விஷயம் லிஞ்சிங், வெள்ளையர் கும்பல் சேர்ந்து கறுப்பின மனிதரைப் பிடித்து மரத்தில் தொங்கவிட்டுக் கொல்வது. அது நடந்த ஊர்களில், அதுவரை கிளம்பத் தயங்கியவர்கள்கூட உடனே கிளம்பிவிட்டார்கள் என்பது வாசகத்தின் சாரம். படத்தில் பிணம் இல்லை. ஒரு கிளை, அதில் வெறும் சுருக்குக் கயிறு, கீழே பாறையில் குறுகி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். பின்னால் வெளிறிய வெறுமை. அவ்வளவுதான்.

பிணத்தை ஏன் வரையவில்லை? அந்தக் காலத்தில் லிஞ்சிங் நடந்த இடத்தில் புகைப்படம் எடுத்து அஞ்சல் அட்டையாக விற்றார்கள். தொங்கும் உடல் கொலைகாரர்களின் நினைவுப் பொருளாகிவிட்டிருந்தது. ஓவியரும் அதையே வரைந்தால் அந்த அட்டைக்கு இன்னொரு பிரதி சேர்ந்ததாகத்தான் ஆகும். தட்டையான நிறமும் விவரம் குறைந்த உருவங்களும் கேசீனின் இயல்பு என்றேன் அல்லவா? முகபாவம் காட்டி அழவைக்கும் வேலை இந்தச் சாயத்தில் எளிதில் நடக்காது. வடிவத்தையும் இடைவெளியையும் வைத்துத்தான் பேச வேண்டும். அதை அவர் அறிந்தே செய்தார் என்பது என் முடிவு.

49-வது பலகையும் அப்படித்தான். வடக்கே போன பிறகும் தொடர்ந்த பாகுபாடு அது. ஓர் உணவகத்தின் நடுவே வளைந்து ஓடும் மஞ்சள் தடுப்பு. ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் கறுப்பர். அந்த ஒரு கோடு போதுமானதாக இருக்கிறது.

மைஉருளை

போன இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1941 நவம்பரில் 'ஃபார்ச்சூன்' இதழ் இதில் 26 படங்களை வண்ணத்தில் அச்சிட்டது. அதே சமயம் எடித் ஹால்பர்ட்டின் டவுன்டவுன் கேலரியில் கண்காட்சி. 1942-ல் தொகுப்பை இரண்டாகப் பிரித்து வாங்கினார்கள்: இரட்டைப்படை எண்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு, ஒற்றைப்படை எண்கள் வாஷிங்டனில் உள்ள பிலிப்ஸ் சேகரிப்புக்கு. நிறத்துக்கு நிறம் சேர்த்துச் செய்த ஒரே படைப்பு இரண்டு ஊரில் கிடக்கிறது. இது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் வாங்கியவர்கள் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

கரிக்கோல்

அப்படியானால் உங்கள் கட்சி இங்கேயே இடிக்கிறதே. மக்கள் கைக்குப் போனது எங்கே? வசதி படைத்தவர்கள் வாங்கும் இதழ், பிறகு அருங்காட்சியகம்.

மைஉருளை

லாரன்ஸ் விஷயத்தில் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரே பிரதி உள்ள ஓவியத்துக்கு வேறு கதி கிடையாது. அதனால்தான் அச்சுக்குப் போக வேண்டும். எலிசபெத் காட்லெட்.

வாஷிங்டனில் 1915-ல் பிறந்தவர், சிற்பி. 1946-ல் அதே ரோசன்வால்ட் உதவித்தொகையில் மெக்சிகோ போனார்; அங்கே 1937-லிருந்து இயங்கிவந்த மக்கள் அச்சுக்கலைப் பட்டறையில், அதாவது டாயேர் தே கிராஃபிகா போபுலாரில், சேர்ந்தார். தொழிற்சங்கங்களுக்கும் எழுத்தறிவு இயக்கங்களுக்கும் மலிவு விலையில் சுவரொட்டியும் துண்டுப்பிரசுரமும் அடித்துக் கொடுத்த கூட்டு அது. அங்கே 1946-47-ல் அவர் செய்தது கறுப்பினப் பெண்ணைப் பற்றிய 15 லினோகட் படங்கள், அதாவது லினோலியத் தகட்டில் வெட்டி மை பூசி எடுக்கும் அச்சுகள்.

ஒவ்வொரு படத்தின் தலைப்பும் தன்மையில் பேசுகிறது. வயலில் உழைத்தேன், பிறர் வீட்டில் உழைத்தேன், ஹாரியட் டப்மனாக நூற்றுக்கணக்கான அடிமைகளை விடுதலைக்கு அழைத்துப் போனேன் என்கிற ரீதியில் போகும். பேருந்தில் தனி இருக்கை, தனி வீடுகள், பிறகு என் அன்புக்குரியவர்களுக்காகத் தனியாக ஓர் அச்சம். அந்த அச்சப் படத்தில் கழுத்தில் கயிற்றோடு தரையில் கிடக்கும் மனிதர். மேலே மூன்று ஜோடிக் கால்கள் மட்டும். லாரன்ஸ் உடலை விட்டுவிட்டார். காட்லெட் உடலைக் காட்டி, கொன்றவர்களின் முகத்தை வெட்டிவிட்டார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று படுகிறது.

மதுரை_வாசகி

கல்லூரி நுண்கலை மாணவர்களுக்கு இந்த முறையில் ஒரு பயிற்சி வைக்க வேண்டும். லினோ வெட்டும் வேலையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? அவருடைய 'ஷேர்க்ராப்பர்' படத்தை முன்னால் வைத்துச் சொன்னால் இன்னும் நல்லது.

மைஉருளை

அந்தப் படத்தைத் தெரியாதவர்களுக்காக: 1952-ல் செய்தது. அகன்ற விளிம்புள்ள ஓலைத் தொப்பி, மேல்சட்டையைக் கழுத்தருகே பிடித்திருக்கும் ஓர் ஊக்கு, நிமிர்ந்து பக்கவாட்டில் பார்க்கும் வயதான பெண். குத்தகைக்கு உழுது விளைச்சலில் பங்கு கொடுக்கும் கூலி விவசாயி. ஏறக்குறைய 17 அங்குலச் சதுரம். பிற்காலத்தில் வண்ணம் சேர்த்தும் பிரதிகள் எடுத்தார்.

இப்போது வேலை.

லினோலியம் 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். துணி முதுகு உள்ளது நல்லது. பழையதாகி இறுகிப்போயிருந்தால் வெட்டும்போது பொடியும். வெயிலில் சற்று நேரம் வைத்துச் சூடாக்கினால் மெழுகு மாதிரி இளகும். நம் ஊர் வெயிலுக்குப் பத்து நிமிடமே அதிகம்.

வரைபடத்தைக் கார்பன் தாளில் மாற்றும்போது இடவலம் புரட்டிப் போடுங்கள். எழுத்து இருந்தால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி. இதை மறந்தவர்கள் கடைசியில்தான் கண்டுபிடிப்பார்கள்.

இரண்டு உளி போதும். வி வடிவ உளி கோட்டுக்கு, யு வடிவ உளி பெரிய இடத்தைக் களைவதற்கு. நீங்கள் வெட்டுவது வெள்ளை. மிச்சம் நிற்பதுதான் கறுப்பு. 'ஷேர்க்ராப்பர்' முகத்தைக் கவனியுங்கள்: கன்னத்திலும் கழுத்திலும் நெருக்கமான மெல்லிய வெட்டுகள், எலும்பின் வளைவோடு சேர்ந்து ஓடுகின்றன. அவர் சிற்பி என்பது அங்கே தெரிகிறது. தொப்பியில் வெட்டுகள் பின்னலின் திசையில் போகின்றன. சட்டையில் வேறு திசை. நிறமே இல்லாமல் மூன்று பொருளை மூன்றாகக் காட்டுவது வெட்டின் திசைதான். மாணவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள், முஷ்டியெல்லாம் அப்புறம்.

வெட்டும் கோணம்: நிற்க வேண்டிய கோட்டின் இரண்டு பக்கமும் அடிப்பகுதி அகலமாக, மேடு மாதிரி சரிய வேண்டும். உளியை உள்பக்கமாகச் சாய்த்து அடியைக் குடைந்துவிட்டால் நாலு பிரதியில் கோடு உடைந்து விழும்.

மை: எண்ணெய் மை. கண்ணாடித் தட்டில் மெல்லிய படலமாக உருட்டுங்கள். காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை இது. உருளை ஓடும்போது நெய்யில் தாளிக்கிற மாதிரி சன்னமாகச் சீறினால் அளவு சரி. சளக் சளக் என்று ஒட்டினால் மை அதிகம். அதிக மை மெல்லிய வெட்டுகளுக்குள் இறங்கி முகத்தைக் கறுப்புத் திட்டாக்கிவிடும். தண்ணீர் மை வேண்டாம். மின்விசிறி ஓடுகிற அறையில் தாளை வைப்பதற்குள் உலர்ந்து, பிரதியில் வெள்ளைப் புள்ளிகளாக வரும்.

தாள்: அச்சு யந்திரம் இல்லையென்றால் மெல்லிய, நார் நீளமான கைத்தாள். மேலே இன்னொரு தாள் வைத்து மரக் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தேயுங்கள். முதல் இரண்டு மூன்று பிரதி வெளிறித்தான் வரும், லினோ மையைக் குடிக்கும்வரை.

கரிக்கோல்

ஏன் லினோ? மரச்செதுக்கு இருந்ததே. ஜெர்மானிய எக்ஸ்பிரஷனிஸ்டுகள் அதில்தானே செய்தார்கள்?

மைஉருளை

மரத்துக்கு நார் உண்டு. குறுக்கே வெட்டினால் பிளக்கும், பழகக் காலமாகும். லினோவுக்குத் திசை கிடையாது, எந்தப் பக்கமும் ஓடும். விலையும் குறைவு, வேகமும் அதிகம். நாளை மறுநாள் ஊர்வலத்துக்குப் படம் வேண்டும் என்றால் லினோதான்.

காட்லெட்டுக்கு முன்பே இந்த வழி உண்டு. 1935 பிப்ரவரியில் நியூயார்க்கில் லிஞ்சிங்குக்கு எதிராக ஒரு கலைக் கண்காட்சி நடந்தது. ஏற்பாடு செய்தது கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு. முதலில் இடம் தர ஒப்புக்கொண்ட கேலரி பின்வாங்கியதால் வேறு கேலரிக்கு மாற்றினார்கள். அதில் பங்கேற்ற ஹேல் வுட்ரஃப் அதே காலத்தில் லிஞ்சிங்கைப் பற்றிச் செய்த லினோ படங்களில் ஒன்று, கொல்லப்பட்டவரின் உடலைத் தேவாலயப் படிக்கட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கும் காட்சி. அதற்குத் தலைப்பு, அந்நாளைய விசாரணை அறிக்கைகளில் கொலையாளி யாரென்று தெரியாது என எழுதி முடிக்கும் வாசகம். ஊருக்கே தெரிந்த கொலையாளிகள்.

காட்லெட் இதற்கு விலையும் கொடுத்தார். அமெரிக்க அரசு அவரை விரும்பத்தகாதவர் பட்டியலில் வைத்தது. 1962-ல் மெக்சிகோ குடியுரிமை பெற்றார். 1971-ல் ஹார்லெம் ஸ்டுடியோ மியூசியத்தில் தன் கண்காட்சிக்கு வருவதற்கே விசாவுக்குப் போராட வேண்டியிருந்தது.

சித்திரக்காரி

கொடியை விட்டுவிட்டீர்கள். அதே என்.ஏ.ஏ.சி.பி. 1936 முதல் 1938 வரை, லிஞ்சிங் செய்தி வரும்போதெல்லாம் நியூயார்க் ஐந்தாம் அவென்யூ அலுவலக ஜன்னலில் கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்தாக, நேற்று ஒரு மனிதன் லிஞ்ச் செய்யப்பட்டான் என்று ஒரு கொடியைப் பறக்கவிட்டது. குத்தகையை ரத்து செய்துவிடுவோம் என்று மிரட்டியதால் நிறுத்தினார்கள். 2015-ல் ட்ரெட் ஸ்காட் என்ற கலைஞர் அதே கொடியை, போலீஸால் என்ற சொற்களை மட்டும் சேர்த்துத் திரும்பச் செய்தார். புதிதாக எதையும் வடிவமைக்காமல் இருந்ததுதான் அதன் பலம்.

மைஉருளை

அடுத்து எமரி டக்ளஸ், பிளாக் பேந்தர் கட்சிப் பத்திரிகையின் ஓவியர். ஆஃப்செட் அச்சு தெரிந்தவர்கள் இதை ரசிப்பீர்கள்.

கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியின் பத்திரிகை முதல் இதழ் 1967 ஏப்ரல் 25. கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் பகுதியில் ஷெரீஃப் ஆட்கள் சுட்டுக்கொன்ற டென்சில் டௌவல் என்ற இளைஞரைப் பற்றியது. நம்மூர் பாஷையில் சைக்ளோஸ்டைல் பிரதி. தலைப்பை மார்க்கரால் எழுதினார்கள். சைக்ளோஸ்டைலில் கோடு வரும், தட்டச்சு வரும், புகைப்படம் வராது. ஸ்டென்சில் மெழுகுத்தாள் சில ஆயிரம் பிரதிக்குள் கிழியத் தொடங்கும்.

டக்ளஸ் சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி கல்லூரியில் விளம்பரக் கலை படித்தவர். அதற்கு முன் சிறார் சீர்திருத்தப் பள்ளியின் அச்சுக்கூடத்தில் வேலை பழகியவர். கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாபி சீல் அந்த முதல் இதழைக் கையால் ஒப்பேற்றுவதைப் பார்த்துவிட்டுத் தன் சாமான்களைக் கொண்டுவந்து உதவ முன்வந்தார். கட்சியின் கலாசார அமைச்சர் என்ற பொறுப்புக்கு வந்தார். 1970 வாக்கில் வாரம் ஒரு லட்சத்துக்கும் மேல் பிரதிகள் போயின. விலை 25 சென்ட். பின்பக்கம் முழுப்பக்கப் படம். கிழித்துச் சுவரில் ஒட்டினால் சுவரொட்டி.

இப்போது அச்சுக் கணக்கு. பணம் கறுப்புக்கும் இன்னொரு நிறத்துக்கும்தான் காணும். நாலு வண்ணம் கனவு. நியூஸ்பிரின்டில் ஓடும் வேக யந்திரத்தில் இரண்டாவது நிறம் முதல் நிறத்தின் மேல் அச்சொட்டாக உட்காராது; ரிஜிஸ்டர் அவுட் ஆகும். மெல்லிய கோட்டுப் படமென்றால் ஆரஞ்சு சட்டைக்கு வெளியே பிதுங்கி நிற்கும், அசிங்கமாக இருக்கும். டக்ளஸின் கோடுகள் ஏன் அத்தனை தடிமன்? மரச்செதுக்குத் தோற்றம் வேண்டும் என்பது ஒரு காரணம். உண்மையில் மரத்தைச் செதுக்க நேரமில்லாமல் பேனாவிலும் மார்க்கரிலும் அந்தத் தோற்றத்தைக் கொண்டுவந்தார். ஆனால் அந்தத் தடித்த கறுப்புக் கோடு இன்னொரு வேலையும் செய்கிறது: நிறத்தின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கோட்டுக்கடியில் மறைந்துவிடும். ஆர்ட்ஒர்க் போடும்போதே பிழைக்கு இடம் வைத்துவிட்டார்.

நடுத்தரச் சாயைக்கு ஒட்டுத்தாள். புள்ளி, கோடு, வலை என்று பலவகை வடிவங்கள் அச்சிட்ட ஒட்டும் ஃபிலிம் அந்நாளில் கடையில் கிடைத்தது. வேண்டிய வடிவில் வெட்டி ஒட்டினால் சாம்பல் நிறம் தயார். தலைப்புக்குத் தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் எழுத்து. இடையிடையே பத்திரிகைப் புகைப்படத்தை வெட்டி ஒட்டுவார். அதற்குப் படத்தின் சாயைகளைச் சிறு புள்ளிகளாக மாற்றும் ஹாஃப்டோன் ஸ்கிரீன் போட வேண்டும். நியூஸ்பிரின்ட் மையை உறிஞ்சிப் புள்ளியைப் பெருக்கும், எனவே அங்குலத்துக்கு 65 அல்லது 85 கோடு என்ற முரட்டு ஸ்கிரீன்தான் தாங்கும். 133 போட்டால் முகம் கரித்துண்டாகிவிடும்.

போலீஸ்காரரைப் பன்றியாக வரைந்த உருவமும் இங்கே பிறந்ததுதான். முதலில் கேட்கப்பட்டது, ஒரு போலீஸ்காரரின் வில்லை எண்ணைப் போட்டு ஒரு பன்றி. டக்ளஸ் அதற்குச் சீருடை மாட்டி இரண்டு காலில் நிற்கவைத்தார். படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு நொடியில் புரிந்தது.

கரிக்கோல்

இதைத்தான் பிரசாரம் என்பேன். நல்ல பிரசாரம், மறுக்கவில்லை.

மைஉருளை

பிரசாரம்தான், அவர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். எதிராளி அதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டான் என்பதையும் பாருங்கள். எஃப்.பி.ஐ.யின் சான் டியேகோ அலுவலகம், ஸ்கேடோல் என்ற மலநாற்றம் அடிக்கும் ரசாயனத்தைப் பத்திரிகை அச்சாகும் அறையில் தெளிக்கலாம் என்று யோசனை சொன்னது. 1976-ல் செனட் விசாரணைக் குழு வெளியிட்ட அறிக்கையில் இது இருக்கிறது. அருங்காட்சியக ஓவியத்துக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

தமிழ்_நூலகன்

பம்பாயில் 1972-ல் தலித் பேந்தர்ஸ் தொடங்கியவர்கள் பெயரை எடுத்தது இவர்களிடமிருந்துதான். நாம்தேவ் தசாள், ஜெ.வி. பவார் கூட்டம். பின்னாளில் தமிழ்நாட்டுச் சிறுத்தைகள் வரை அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. அவர்களுடைய துண்டுப்பிரசுர வடிவமைப்பையும் இங்கே பேசலாமே?

நெறியாளர்

தனி இழை தொடங்குங்கள் ஐயா, அது பெரிய விஷயம். இங்கே அமெரிக்கக் கலைஞர்களின் செய்முறையோடு நிற்போம்.

சித்திரக்காரி

டேவிட் ஹாமன்ஸின் உடல் அச்சு பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. 1968 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கினார். ஓட்டிஸ் கலைக் கல்லூரியில் அவருக்குக் கற்பித்தவர்களில் சார்ல்ஸ் வைட் ஒருவர். (காட்லெட்டின் முதல் கணவரும் அவரே. இந்த உலகம் சிறியது.)

முறை: தோலிலும் முடியிலும் உடையிலும் மார்கரின் தடவ வேண்டும். தாளின் மேல் உடலை அழுத்த வேண்டும். எழுந்ததும் தாளில் தெரிவது கொழுப்புக் கறை மட்டுமே, கண்ணுக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது. அதன்மேல் நிறப்பொடியைத் தூவினால் கொழுப்புள்ள இடத்தில் மட்டும் பிடிக்கும். உதறிவிட்டு, பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்சேடிவ் தெளிக்க வேண்டும். சட்டைத் துணியின் நெசவு, தலைமுடியின் சுருள், உதட்டின் ரேகை எல்லாம் எக்ஸ்ரே மாதிரி எழும்.

கெடுவது எங்கே என்றால், கொழுப்பு அதிகமானால் ஓரங்களில் கசிந்து ஒளிவட்டம் போல எண்ணெய்க் கறை பரவும். ஆண்டுகள் போகப்போக இன்னும் பரவும். எழும்போது ஓர் அங்குலம் நகர்ந்தாலும் அச்சு இரட்டிக்கும். திருத்த முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

1970-ல் செய்த 'இன்ஜஸ்டிஸ் கேஸ்' படத்தில் நாற்காலியில் கட்டப்பட்டு, வாயில் துணி அடைத்த மனிதன் பக்கவாட்டில் தெரிகிறான். சுற்றிலும் அமெரிக்கக் கொடி. 1969-ல் போர் எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் மீது சிகாகோவில் நடந்த வழக்கில் நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் உத்தரவின்படி பாபி சீலை நீதிமன்றத்திலேயே கட்டி வாயை அடைத்தார்கள். அங்கே கேமராவுக்கு அனுமதி இல்லை. உலகம் பார்த்ததெல்லாம் நீதிமன்ற ஓவியர்களின் கோட்டுப் படங்கள். ஹாமன்ஸ் ஓர் உடலையே தாளில் அழுத்திக் கொடுத்தார். புகைப்படம் இல்லாத இடத்தில் அதற்கு மிக நெருங்கிய சாட்சியம் அதுதான்.

பட்டறை_செல்வம்

இரும்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. சிற்பி மெல்வின் எட்வர்ட்ஸ் 1963-ல் தொடங்கிய 'லிஞ்ச் ஃப்ராக்மென்ட்ஸ்' வரிசை. சங்கிலி, பூட்டு, ரயில் தண்டவாள ஆணி, லாடம், கத்தி, சுத்தியல் தலை என்று கிடைத்ததையெல்லாம் வெல்டிங் வைத்து ஒரு மனிதத் தலை அளவுக்கு உருண்டையாகத் திரட்டியவை. சுவரில் கண்மட்ட உயரத்தில் மாட்ட வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் முகமூடி மாதிரி, கிட்டப் போனால் கருவி. கட்டிப்போடுவதும் இரும்பு, உழைப்பதும் இரும்பு. எது எது என்று பிரிக்க முடியாத மாதிரி ஒட்டியிருப்பார். வெல்டிங் மணிகளைத் தேய்த்து மழுப்பவில்லை, அப்படியே விட்டிருக்கிறார்.

மாணவர்கள் இதைச் செய்து பார்க்கப் போனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கடையில் வாங்கும் சங்கிலி பெரும்பாலும் துத்தநாகம் பூசியது. அப்படியே வெல்டு வைத்தால் வெள்ளைப் புகை. சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். வெல்டு வைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இரண்டு, அரம், உளி, கத்தி எல்லாம் கார்பன் அதிகமுள்ள உருக்கு. குளிர்ந்த நிலையில் சாதா மைல்டு ஸ்டீலோடு ஒட்டினால் ஆறும்போது மணிக்குப் பக்கத்திலேயே டப்பென்று விரியும். முதலில் 200, 250 டிகிரிக்குச் சூடேற்றுங்கள், லோ ஹைட்ரஜன் ராடு போடுங்கள், வெல்டு முடிந்ததும் உலர்ந்த மணலில் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள். தண்ணீரில் போடவே கூடாது.

கரிக்கோல்

எல்லாமே உருவம், கருவி, கொடி. அரூப ஓவியர்களை ஒதுக்கிவிட்டீர்கள். சாம் கில்லியம் 1969-ல் 'ஏப்ரல் 4' என்று ஓர் ஓவியம் செய்தார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டு. பூச்சில்லாத கித்தானில் நீர்த்த அக்ரிலிக்கை ஊற்றி, ஈரத்தோடு மடித்து, காயவிட்டுப் பிரித்து இழுத்துக் கட்டியது. மடிப்புகள் தழும்பாக நிற்கின்றன, சிவப்பு ஊறியிருக்கிறது. ஒரு மனித உருவம் கிடையாது. அந்தக் காலத்துச் செயல்பாட்டாளர்கள் பலர் இதைக் கலைஞனின் தப்பித்தல் என்றார்கள்.

சித்திரக்காரி

சரியான இடத்தில் குத்தினீர்கள். அந்தச் சண்டை ஸ்பைரல் என்ற கறுப்பினக் கலைஞர் குழுவிலேயே இருந்தது. 1963 ஜூலையில், கறுப்பின உரிமைக்கான வாஷிங்டன் பேரணிக்கு முன்பு, நியூயார்க்கில் ரோமேர் பியர்டன், நார்மன் லூயிஸ் முதலானோர் கூடியது. கறுப்பினக் கலைஞன் என்ன செய்ய வேண்டும் என்பதில் கடைசிவரை ஒருமித்த பதில் வரவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு படத்தொகுப்பு செய்யலாம் என்று பியர்டன் இதழ்களிலிருந்து வெட்டிய துண்டுகளோடு வந்தார், மற்றவர்கள் கவனிக்கவில்லை. அவரே தனியாகச் செய்தார். சிறிய ஒட்டுப்படங்கள், அவற்றை ஃபோட்டோஸ்டாட் எடுத்துப் பெரிதாக்கிப் பலகையில் ஒட்டினார். 1964 அக்டோபரில் கார்டியர் அண்ட் எக்ஸ்ட்ரோம் கேலரியில் 'புரொஜெக்‌ஷன்ஸ்' என்று காட்டினார்.

ஃபோட்டோஸ்டாட் செய்த காரியம் இது: வெட்டிய தாளின் விளிம்பு, பசைக் கசிவு, ஒன்று பளபளப்பு ஒன்று மங்கல் என்ற வேறுபாடு எல்லாம் மறைந்து ஒரே சாம்பல் பரப்பாகிவிடும். ஒரே முகத்தில் ஆப்பிரிக்க முகமூடியின் கண்ணும் இதழில் வந்த புகைப்படத்தின் வாயும், அதைவிடப் பெரிய ஒரு கையும் ஒட்டியிருக்கும். ஆனாலும் செய்திப் படம் பார்ப்பது போல இருக்கும். இதழ்த் தாள் பழுத்து உதிர்வதிலிருந்தும் தப்பித்தது.

கில்லியத்தைப் பொறுத்தவரை நான் உங்கள் கட்சி. மைஉருளை ஒப்புக்கொள்ள மாட்டார்.

மைஉருளை

ஒப்புக்கொள்ள மாட்டேன். தலைப்பை எடுத்துவிட்டால் அந்தச் சிவப்பு எதையும் சொல்லாது. லாரன்ஸின் வெறும் கயிற்றிலிருந்து தலைப்பை எடுத்தாலும் அது கயிறுதான்.

கரிக்கோல்

காட்லெட்டின் 15 படங்களில் தலைப்பை எடுத்துவிட்டு இதையே சொல்லுங்கள் பார்ப்போம்.

மதுரை_வாசகி

சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் நூலகத்தில் அக்காலத்து அமெரிக்க நியூஸ்பிரின்ட் இதழ்கள் சில கிடக்கின்றன. மடித்த இடம் உடைகிறது. காட்சிக்கு வைக்க லேமினேஷன் செய்யலாமா?

தாள்காப்பான்

வேண்டவே வேண்டாம். லேமினேஷன் சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக்; திரும்பப் பிரிக்க முடியாது, உள்ளே அமிலம் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். நியூஸ்பிரின்ட் மரக்கூழில் லிக்னினோடு செய்யப்பட்டது. ஒளி பட்டால் மஞ்சள், ஈரம் பட்டால் அமிலம்.

மடிப்பைப் பிரித்துப் படுக்கைவாட்டில் வையுங்கள். ஒவ்வோர் இதழுக்கும் பாலியெஸ்டர் உறை. ஒட்டாமல் இரண்டு பக்கம் திறந்திருக்கட்டும். உள்ளே பின்பக்கமாகக் காரம் சேர்த்த அமிலமற்ற தாள் ஒன்று. செல்லோடேப் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், மையோடு வரும். கிழிசலுக்கு ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை மாவுப் பசையும். பசையைத் தண்ணீராக்காமல் கெட்டியாக, தூரிகை நுனியில் மட்டும் எடுங்கள்.

காட்சிக்கு ஸ்கேன் எடுத்து அச்சிட்ட நகலை மாட்டுங்கள். 400 டிபிஐ போதும். புள்ளிகள் மோதி அலைக்கோலம் தெரிந்தால் தாளைச் சில டிகிரி திருப்பி மறுபடி எடுங்கள். மூலத்தைக் கட்டாயம் காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் 50 லக்ஸ் வெளிச்சத்தில் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் கூடாது.